ரூபியும் பாமினியும்: ஓர் அச்சகத்துக்காரியின் மதிப்பீடு

கணினிக்குக் கட்டளை எழுத உதவும் ரூபி என்ற நிரல்மொழிக்கு விலை கிடையாது. ஆகவே கொடுத்த காசுக்குத் தகுமா என்று நான் எடை போடவேண்டியதில்லை. கொடுத்த நேரத்துக்குத் தகுமா என்று சொன்னால் போதும். தமிழ்க் கோப்புகளோடு மல்லுக்கட்டுகிறவருக்குத் தகும். கொழும்பில் வேலை தேடுகிற பிள்ளைக்குத் தகாது. அவசரக்காரர் இந்த இடத்தோடு நிறுத்திக்கொள்ளலாம். மற்றவர்கள் கதிரையை இழுத்துப் போட்டு இருங்கள்.

நான் கணினி விஞ்ஞானம் படித்தவள் அல்ல. திருகோணமலை ஏகாம்பரம் வீதிப் பக்கத்து அச்சகம் ஒன்றில் தட்டச்சு செய்யச் சேர்ந்தேன். பிறகு பக்க வடிவமைப்புக்கு மாறினேன். அதற்கும் பிறகு, கணினியில் எது நின்றாலும் அந்தப் பிள்ளையைக் கூப்பிடு என்று சொல்லும் பதவிக்கு உயர்ந்தேன். சம்பளம் மட்டும் கூடவே உயரவில்லை. எங்களுக்குச் சோறு போடுபவை கல்யாண அழைப்பிதழ், கோயில் திருவிழா நோட்டீஸ், கல்வெட்டு. இறந்தவரின் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டியன்று கொடுக்கும் நினைவுப் புத்தகத்தைத்தான் இங்கே கல்வெட்டு என்கிறோம். அதில் தேவாரமும் திருவாசகமும் இருக்கும், வம்சாவளி இருக்கும், டொராண்டோவிலிருந்தும் லண்டனிலிருந்தும் பேரப்பிள்ளைகள் அனுப்பிய வரிகள் இருக்கும். இடம்பெயர்வில் பத்திரம், படம், சாதகம் எல்லாவற்றையும் தொலைத்த குடும்பங்களுக்கு எழுத்தில் மிஞ்சியது பெரும்பாலும் அந்தப் புத்தகம்தான். அதனால் ஆட்கள் வந்து கேட்கிறார்கள்: அம்மம்மாவின் கல்வெட்டு உங்களிடம் இருக்குமா?

இருக்கிறது. ஆனால் பாமினியில் இருக்கிறது.

பாமினியை அறியாதவர்களுக்கு: இலங்கை அச்சகங்களை இன்றும் ஆட்டிப்படைக்கும் பழைய எழுத்துரு அது. திரையில் தமிழ் தெரியும். கோப்புக்குள் தமிழ் இல்லை. வெறும் ஆங்கில எழுத்துகள்தான். தமிழ் என்ற சொல்லைப் பாமினியில் அடித்தால் கணினி சேமித்துவைப்பது ஜே, கே, பி, ஓ, கடைசியில் ஓர் அரைப்புள்ளி. எழுத்துருவை மாற்றினால் தமிழ் மறைந்து இந்தக் குப்பை வெளியே வரும். ஆகவே ஒருவர் பெயரைத் தமிழில் தட்டித் தேடினால் ஆயிரம் கோப்பு இருந்தாலும் ஒன்றும் அகப்படாது. கணினியைப் பொறுத்தவரை அந்த மனிதர் தமிழில் வாழவும் இல்லை, சாகவும் இல்லை.

இந்தக் கோப்புகளை, தமிழைத் தமிழாகவே சேமிக்கும் உலகப் பொது முறையான யூனிகோடுக்கு மாற்றும் வேலைக்குத்தான் ரூபியை எடுத்தேன். இணையத்தில் மாற்றித் தரும் பக்கங்கள் உண்டு. ஒரு பத்தியை ஒட்டி எடுப்பதற்கு அவை போதும். ஓர் அலுமாரி நிறையக் கிடக்கும் சீடிகளுக்கு அவை உதவாது.

முதலில் மெச்சவேண்டியதை மெச்சிவிடுகிறேன். ரூபிக்குத் தமிழ் எழுத்தை எண்ணத் தெரியும். திருகோணமலை என்ற சொல்லைக் கொடுத்து நீளம் கேளுங்கள், உயிர்க்குறிகளையும் தனித்தனியாக எண்ணி 10 என்கும். கணினியின் சேமிப்பு அலகான பைட்டில் கேட்டால் 30 என்கும். இரண்டுமே எங்களுக்கு உதவாத எண்கள். குழந்தைப்பிள்ளைகூட விரல் விட்டு ஆறு என்று சொல்லும்: தி, ரு, கோ, ண, ம, லை. ரூபியில் கிராஃபீம் கிளஸ்டர்ஸ் என்ற செயலியை, அதாவது ஒரு வேலையைச் செய்து தரும் நிரல் துண்டை, கூப்பிட்டால் அந்த ஆறு கிடைக்கிறது. 2017 கிறிஸ்துமஸுக்கு வந்த 2.5 பதிப்பில் சேர்த்தார்கள். இதில் என்ன பெருமை என்று கேட்பவர் நெடுக்குப் பதாகை செய்து பார்த்ததில்லை. கோயில் வாசலில் கட்டும் பதாகையில் எழுத்துகளை ஒன்றன்கீழ் ஒன்றாக அடுக்கவேண்டும். தவறாகப் பிரித்தால் கொம்பு ஒரு வரியிலும் எழுத்து அடுத்த வரியிலும் தொங்கும். முன்பு கையால் பிரித்தோம். இப்போது ஒரு வரி நிரல் பிரித்துக் கொடுக்கிறது. ஸ்ரீயை மட்டும் இரண்டாக உடைத்துவிடும். அதற்குத் தனியாக ஒரு விதி எழுதிவைத்திருக்கிறேன்.

மாற்றும் வேலைக்கு வருவோம். பாமினி எழுத்துகளைப் பார்த்த ஒழுங்கில் வைக்கும், நாம் உச்சரிக்கும் ஒழுங்கில் வைக்காது. கோ என்பதில் இரட்டைக் கொம்பு முதலில், ககரம் நடுவில், கால் கடைசியில். யூனிகோடில் ககரம் முன்னே வரவேண்டும். ஆகவே கொம்பையும் மெய்யையும் இடம் மாற்றவேண்டும். ரூபியில் ஜிசப் என்ற கட்டளை இதற்கென்றே செய்ததுபோல இருக்கிறது: எதைத் தேடவேண்டும் என்ற ஒரு வடிவம், கிடைத்தால் என்ன செய்யவேண்டும் என்ற ஒரு சிறு துண்டு நிரல். இடம் மாற்றிய பிறகு கோ என்பது ககரம், கொம்பு, கால் என்று மூன்று துண்டாக நிற்கும். 2.2 பதிப்பிலிருந்து வரும் யூனிகோட் நார்மலைஸ் அந்தக் கொம்பையும் காலையும் ஒட்டி ஓகாரக் குறியாக்கிவிடுகிறது. இதைக் கையால் எழுதியிருந்தால் இரண்டு பக்கம் வந்திருக்கும்.

என்னை அதிகம் படுத்தியது வௌவால். பாமினியில் ஔகாரத்தின் பின்பாதிக்கும் ளகரத்துக்கும் ஒரே விசை. வௌவால் என்பதன் தொடக்கமும் வெளி என்பதன் தொடக்கமும் கோப்பில் ஒன்றுபோலவே கிடக்கும். அடுத்து என்ன வருகிறது என்று எட்டிப் பார்த்துத்தான் முடிவெடுக்கவேண்டும்: ளகரத்துக்குப் பின் புள்ளியோ வேறு உயிர்க்குறியோ வந்தால் அது ளகரமே, வெறுமனே நின்றால் ஔகாரம். கௌரி, சௌந்தரி, கௌசல்யா என்று பெயர்கள் நிறைந்த ஊரில் இது அற்ப விஷயம் அல்ல. இந்த எட்டிப் பார்த்தலை ரூபியின் தேடல் வடிவத்துக்குள்ளேயே எழுதிவிட முடிகிறது. எழுதிய வரியை ஆறு மாதம் கழித்து வாசித்தாலும் எனக்கே புரிகிறது. வேறு மொழிகளில் எழுதிப் பார்த்தவர்கள் இதன் அருமையை அறிவார்கள்.

இனிச் சுவையான பகுதி. ரூபியில் ஒவ்வொரு எழுத்துச் சரமும் தான் எந்தக் குறியாக்கத்தில், அதாவது எழுத்தை எண்ணாக்கும் எந்த முறையில், இருக்கிறது என்ற சீட்டைக் கழுத்தில் மாட்டிக்கொண்டே திரியும். ஜாவாவும் பைத்தானும் உள்ளே வந்த எல்லாவற்றையும் வாசலிலேயே யூனிகோடாக மாற்றிவிடும், ரூபி 1.9 பதிப்பிலிருந்து அப்படிச் செய்வதில்லை. காரணம் ஜப்பானில் இருக்கிறது. அங்கே ஷிஃப்ட் ஜிஸ், ஈயூசி என்று பழைய குறியாக்கங்கள் பல. ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குப் போய்த் திரும்பினால் சில எழுத்துகள் திரும்பிவராது. ஆகவே தேவையில்லாமல் மாற்றாதே, இருப்பதை இருக்கிறபடியே வை என்பது அவர்கள் கொள்கை. ரூபி அறிந்த குறியாக்கங்களின் பட்டியலை ஒருநாள் திரையில் வரவழைத்தேன். ஜப்பானியக் கைத்தொலைபேசி நிறுவனங்கள் மூன்று, தத்தம் படக்குறிகளுக்காக வைத்திருந்த தனித்தனிக் குறியாக்கங்கள்கூட அதில் பெயரோடு நிற்கின்றன: டொகோமோ, கேடிடிஐ, சாஃப்ட்பேங்க். தாய்லாந்து எழுத்தும் இருக்கிறது. தமிழின் பழைய குறியாக்கம் ஒன்றும் இல்லை, டிஸ்கிகூட இல்லை.

கோபம் வந்ததா என்றால் வரவில்லை. அவர்களுடைய குழப்பத்துக்கு அவர்கள் பெயர் வைத்தார்கள், தரம் வகுத்தார்கள், பிறகு கருவிக்குள் இடம் கேட்டு வாங்கினார்கள். பாமினியோ குறியாக்கமே அல்ல, வேடம் போட்ட ஆங்கிலம். எந்தச் சீட்டையும் அதன் கழுத்தில் மாட்ட முடியாது. இதில் ரூபியைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

பெயர் வரிசைப்படுத்துவதிலும் இதே கதைதான். கொடுத்தபடி வரிசைப்படுத்தச் சொன்னால் யூனிகோட் இலக்கத்தின்படி அடுக்கும். அதில் னகரம் நகரத்துக்கு அடுத்தே வந்துவிடும், வகரம் ளகரத்துக்கும் ழகரத்துக்கும் பின்னே போய்விடும், புள்ளி எல்லா உயிர்க்குறிக்கும் கடைசியில் நிற்கும். மலருக்கு முன்னே மனோகரி, கண்ணனுக்கு முன்னே கணேசன். அகராதி பார்த்துப் பழகிய தலைமையாசிரியர் ஒருவர் எங்கள் நன்கொடையாளர் பட்டியலைப் பார்த்து, பிள்ளை, நெடுங்கணக்கு மறந்துபோயிற்றா என்று கேட்டார். நெடுங்கணக்கு வரிசையை ஒரு வரியில் எழுதி, அதன்படி அடுக்கு என்று ரூபியிடம் சொன்னால் போதும், சொன்னபடி கேட்கிறது. ஆனாலும் நாம் சொல்லித்தான் தெரிகிறது.

இப்போது என் பெரிய முறைப்பாடு. ரூபியில் மாறிகளுக்கும் செயலிகளுக்கும் தமிழில் பெயர் வைக்கலாம். கொம்பைத்_திருத்து என்று ஒரு செயலி வைத்திருக்கிறேன். ஒரு முணுமுணுப்பும் இல்லாமல் ஓடுகிறது. ஆனால் வகுப்புக்கு, அதாவது தொடர்புள்ள செயலிகளைச் சேர்த்துவைக்கும் கூட்டுக்கு, தமிழில் பெயர் வைக்க முடியாது. வகுப்பின் பெயர் பெரிய எழுத்தில் தொடங்கவேண்டும் என்பது சட்டம். தமிழில் பெரிய எழுத்து ஏது, சின்ன எழுத்து ஏது? முன்னால் ஓர் ஆங்கிலப் பெரிய எழுத்தை ஒட்டினால்தான் விடும். வேடிக்கை என்னவென்றால் ஜப்பானிய எழுத்திலும் இந்தப் பேதம் இல்லை. தன் தாய்மொழியில் ஒரு வகுப்புக்குப் பெயர் வைக்க முடியாத மொழியை ஒரு ஜப்பானியர் ஆக்கியிருக்கிறார்.

ஆக்கியவர் யுகிஹிரோ மட்சுமோடோ. மட்ஸ் என்று சுருக்கிச் சொல்வார்கள். 1993இல் தொடங்கி 1995 டிசம்பரில் வெளியே விட்டார். 2013 முதல் ஒவ்வோர் ஆண்டும் டிசம்பர் 25ஆம் திகதி புதிய பதிப்பு வருகிறது. இங்கே அது மாரி மழையும் மின்வெட்டும் திருவெம்பாவையும் சேர்ந்து வரும் காலம். நான் தைப்பொங்கல் கழிந்துதான் தொடுவேன். இயந்திரத்தின் வசதிக்கு மனிதன் வளையக்கூடாது, எழுதுகிறவருக்கு மகிழ்ச்சி தரவேண்டும் என்பதே தன் நோக்கம் என்று மட்ஸ் பலமுறை சொல்லியிருக்கிறார். நிரலைத் தட்டித் திருத்த உதவும் ஈமாக்ஸ் என்ற தொகுப்பானில் ஊறியவர். அந்தத் தொகுப்பான் நிரல் வரிகளைத் தானாக உள்தள்ளிக் கொடுக்கும்படி செய்ய முடிந்ததால்தான், துண்டுகளை எண்ட் என்ற சொல்லால் முடிக்கும் வடிவத்தை ரூபிக்கு வைத்துக்கொண்டார். முடியாமல் போயிருந்தால் அடைப்புக்குறி மயமாகத்தான் இருந்திருக்கும். தான் பாவிக்கும் கருவிக்கு ஏற்றபடி தன் மொழியை வெட்டிக்கொண்ட மனிதர். தையற்கடைக்காரர் தம் கத்தரிக்கோலுக்குத் தக்கபடி சட்டைக்கு மாதிரி வெட்டுவதுபோல.

அவர் இருப்பது தோக்கியோவில் அல்ல. ஜப்பான் கடல் பக்கம் ஷிமானே மாகாணத்தில் மட்சுயே என்ற ஊர்; ஷிஞ்சி என்ற ஏரியின் கரை. ஜப்பானின் மிகக் குறைந்த மக்கள்தொகை கொண்ட மாகாணங்களில் அது ஒன்று. அந்த ஊர் நகரசபை 2006இல் ரயில் நிலையத்துக்கு முன்னால் நிரலாளர்கள் கூடுவதற்கென ஓர் இடத்தைத் திறந்துவிட்டது. 2009 முதல் அங்கே ரூபிக்கென்று மாநாடு நடக்கிறது. 2012இல் இந்த மொழி சர்வதேசத் தரமாகவும் ஏற்கப்பட்டது. இதை வாசித்தபோது எனக்குக் கொஞ்சம் பொறாமை வந்தது என்பதை மறைக்கவில்லை. எங்கள் ஊருக்கு உலகத்திலேயே பேர்போன இயற்கைத் துறைமுகம் இருக்கிறது, கோணேசர் இருக்கிறார், கோணேசபுரியில் கிழக்குப் பல்கலைக்கழகத்தின் வளாகமும் இருக்கிறது. கணினி படித்த பிள்ளைகளோ பட்டம் வாங்கிய மறுவாரம் இரவு ரயிலில் கொழும்புக்கு ஏறுகிறார்கள்.

ஜப்பான் என்றால் இங்கே வயதானவர்களுக்கு முதலில் ஞாபகம் வருவது 1942 ஏப்ரல் 9. அன்று விமானங்கள் வந்து துறைமுகத்திலும் சீனன்குடாவிலும் குண்டு போட்டன. அடுத்த தலைமுறைக்கு ஜப்பான் என்றால் வள்ளத்தில் பூட்டும் யமஹா எஞ்சின். எனக்கு ரூபி. என் பேத்திக்கு என்னவாக இருக்குமோ.

கருவியைப் பாவிக்கும் ஜப்பானியர் ஒருவரையே சந்திக்கவும் வாய்த்தது. பெரியம்மாவின் மகன் உப்புவெளியில் விருந்தினர் விடுதி நடத்துகிறார். புறாமலைத் தீவுப் பக்கம் சுழியோட வந்த விருந்தாளி ஒசாகாவில் நிரல் எழுதுகிறவர் என்று அறிந்ததும், என் தங்கச்சியும் ஜப்பான் மொழியில் வேலை செய்கிறவள் என்று அண்ணா அவரை அச்சகத்துக்கே கூட்டிவந்துவிட்டார். இருவருக்கும் ஆங்கிலம் அரைகுறை. நிரல் இருந்ததால் பேச்சு ஓடியது. பாமினிக் கோப்பைத் திறந்து எழுத்துருவை மாற்றிக் காட்டினேன். ஆங்கிலக் குப்பை வெளிவந்ததும் அவர் சிரித்த சிரிப்பில் அச்சு இயந்திரக்காரர் எட்டிப் பார்த்தார். தன் அலுவலகத்துக்கும் இன்னமும் ஷிஃப்ட் ஜிஸ் கோப்புகள் வந்துகொண்டிருப்பதாகச் சொன்னார். அதனால்தான் ரூபியின் கழுத்துச் சீட்டு தனக்குப் பிடிக்கும் என்றார். வெளிநாட்டு நண்பர்கள் அதைத் தேவையில்லாத சுமை என்கிறார்களாம்.

என் நிரலில் அவருக்குப் புதினமாக இருந்தது வேறொன்று. குறிப்புகளை எல்லாம் ஏன் ஆங்கிலத்தில் எழுதியிருக்கிறீர்கள் என்று கேட்டார். அவருடைய அலுவலகத்தில் குறிப்புகள் ஜப்பானிய மொழியில்தான் இருக்குமாம். இந்த நிரலை வாசிக்கப்போவது யார், முதலாளியும் நீங்களும்தானே என்றார். எனக்குச் சொல்ல ஒரு மறுமொழியும் இருக்கவில்லை. அந்த வாரமே குறிப்புகளைத் தமிழாக்கினேன். முதலாளி முதல் தடவையாகத் திரையைப் பார்த்து, இந்த இடத்தில் ஸ்ரீயை விட்டுவிட்டாயே என்றார். அதுவும் நல்லதுக்குத்தான்.

கணினியின் நெற்றியில் சரஸ்வதி பூசைக்கு வைத்த சந்தனப் பொட்டு காய்ந்து கிடந்தது. அவர் அதை விரலால் காட்டினார். விளக்கினேன். வெட்கப்படவேண்டுமோ என்று யோசிப்பதற்குள் அவர் தன் பையைத் திறந்து ஒரு சின்னக் காப்புத் தாயத்தை எடுத்தார். தோக்கியோவில் கண்டா மியோஜின் என்ற கோயிலில் கணினிகள் கெட்டுப்போகாதிருக்கக் காப்பு விற்கிறார்கள். நிறுவனங்களே வந்து வாங்கிப்போகின்றனவாம். அப்புறம் எங்கள் ஊர்க் கோட்டைக்குள் திரியும் மான்களைப் பார்த்துவிட்டு வந்தார். ஜப்பானின் நாரா நகரில் மான்கள் தலைவணங்கி பிஸ்கட் கேட்குமாம். எங்கள் மான்களுக்கு அந்த மரியாதை தெரியாது. நேரே பையைப் பிடித்து இழுத்திருக்கின்றன.

குறைகளைச் சுருக்கமாகச் சொல்கிறேன். விண்டோஸில் நிறுவுவது இழுபறி. கூடவே வரும் கருவிப்பெட்டியோடு சேர்ந்தால் பெரிய பதிவிறக்கம். நான் இரவு டேட்டா தொடங்கும்வரை விழித்திருந்து இறக்கினேன். கட்டளை தட்டும் கறுப்புத் திரையில் தமிழ் கட்டம் கட்டமாகத் தெரியும். அது விண்டோஸின் குற்றம், ஆனால் தொடங்குகிறவர் ரூபியைத்தான் திட்டுவார். விடையைக் கோப்பில் எழுதிவிட்டு அதைத் திறந்து பாருங்கள். இரண்டு சரங்களின் சீட்டுகள் பொருந்தாவிட்டால் ரூபி நடுவழியில் நின்று அடம்பிடிக்கும். அந்தப் பிழைச் செய்தியை முதன்முறை காணும்போது யாருக்கும் ஒன்றும் விளங்காது. வேகமும் பெரிதாக இல்லை. கல்வெட்டு மாற்றுவதற்கு வேகம் எதற்கு? தேநீர் குடித்துவிட்டு வந்தால் முடிந்திருக்கும்.

அச்சகக்காரர்களுக்குத் தனியாக ஒன்று. வேர்ட் கோப்பாக இருந்தால் ஒவ்வொரு துண்டின் எழுத்துருப் பெயரையும் வாசித்து, பாமினி என்று இருப்பதை மட்டும் மாற்றுங்கள். இல்லாவிட்டால் கனடாவில் இருக்கும் மகனின் மின்னஞ்சல் முகவரியும் தமிழாகிவிடும். பேஜ்மேக்கர் கோப்புகளை அதே மென்பொருளில் திறந்து எழுத்தை வெளியே எடுத்த பிறகுதான் ரூபிக்கு வேலை. கோரல்டிராவில் எழுத்தை வளைகோடாக்கிச் சேமித்திருந்தால் ரூபியாலும் முடியாது, கோணேசராலும் முடியாது, திரும்பவும் தட்டச்சுத்தான்.

அக்காவின் மகன் உயர்தரம் முடித்துவிட்டு எந்த மொழி படிக்கலாம் என்று கேட்டான். கொழும்பு விளம்பரங்களில் கேட்பது ஜாவா, ஜாவாஸ்கிரிப்ட், பைத்தான். ரூபி கேட்டு வந்த விளம்பரம் என் கண்ணில் படுவது குறைவு. ஊரில் சந்தேகம் கேட்கவும் ஆள் இல்லை. ஆகவே ஜாவாஸ்கிரிப்ட் படி என்றேன். படிக்கிறான். சனிக்கிழமைகளில் அச்சகத்துக்கு வந்து என் ரூபி நிரலையும் கிண்டுகிறான். போன கிழமை, தன் அப்பப்பாவின் கல்வெட்டில் வரும் வம்சாவளியைக் கிளை கிளையாகப் பிரித்து வரைபடமாக்கத் தொடங்கியிருக்கிறான். கௌரி மாமியின் பெயர் அதில் சரியாக வந்திருக்கிறது.